தருமபுரியில் உட்கார்ந்து குழந்தை வளர்ப்புப் பகுதி நடத்தப் போகிறேன்: நேரமில்லாத குடும்பங்களுக்கு எதை எழுதலாம்?

மொரப்பூர் இரவுவண்டி (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். இந்த மன்றத்தில் ஆறேழு ஆண்டுகளாகப் பெரும்பாலும் படிப்பதோடு நின்றுவிட்ட நான், இன்று சொந்தச் செய்தி ஒன்றைச் சொல்லவும், அதையே சாக்காக வைத்து உங்களிடம் கொஞ்சம் வேலை வாங்கவும் வந்திருக்கிறேன்.

சென்னையில் பதினான்கு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்த எனக்கு, ஒரு மாத இதழின் குழந்தை வளர்ப்பு இணைப்புக்குப் பொறுப்பாசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. இருபத்து நான்கு பக்கம். மெய்ப்புப் பார்த்து அச்சுக்கு அனுப்பும் இரண்டு நாள் மட்டும் சென்னையில் இருந்தால் போதும். மற்ற நாட்களில் தருமபுரியில், என் அம்மா வீட்டு மாடியில் அமர்ந்தே வேலை. மொரப்பூரில் இரவு வண்டி ஏறி விடியலில் சென்னையில் இறங்குவது எனக்குப் பழகிப்போன ஒன்றுதான் என்பதை என் பெயரிலேயே அறிவீர்கள்.

மகிழ்ச்சியோடு ஒரு பழைய கசப்பையும் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியபோது, நான் தொடங்கி வளர்த்த பக்கம் வேறொருவர் மேசைக்குப் போயிருந்தது. "குழந்தை இருக்கிறதே, உங்களுக்குச் சுமை வேண்டாம் என்றுதான்" என்றார்கள். குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதும் பக்கத்தை, குழந்தை பிறந்த காரணத்தால் இழந்தேன். அன்று சிரிப்பு வரவில்லை, இப்போது வருகிறது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். பத்திரிகைகளில் வரும் குழந்தை வளர்ப்புக் குறிப்புகளில் நம் மாவட்டத்துக் குடும்பங்களுக்குப் பயன்படாமல் போவது எது? பாராட்டு வேண்டாம், குறையைச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் பத்துச் சிற்றுண்டி என்கிற கட்டுரையை நானே குறைந்தது நான்கு முறை திருத்தி வெளியிட்டிருக்கிறேன். ஒருவர்கூட அதைச் செய்து பார்த்ததாக எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

ஓசூர் சி-ஷிப்ட்

வாழ்த்துகள் அக்கா. குறை கேட்டதால் கூச்சமில்லாமல் எழுதுகிறேன்.

என் மனைவி ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து கம்பெனி பேருந்தில் ஏ-ஷிப்டுக்குப் போகிறார். விடியற்காலை நான்கே முக்காலுக்கு வண்டி வந்துவிடும். எனக்கு வாரம் மாறி வாரம் ஷிப்ட் மாறும். ஆறு வயதில் ஒரு மகன், மூன்று வயதில் ஒரு மகள். பையன் அரசுத் தொடக்கப் பள்ளியில் படிப்பதால் காலைச் சாப்பாடு எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. சிற்றுண்டி தயாராகத்தான் இருக்கிறது. அந்த நேரத்துக்குப் பையனை எழுப்பி, குளிப்பாட்டி, பள்ளியில் கொண்டுபோய் விடுவதற்குத்தான் என் மாமியாரை விட்டால் ஆள் இல்லை. எந்தப் பத்திரிகையும் இதை எழுதிப் பார்த்ததில்லை.

இன்னொன்று உண்டு. பி-ஷிப்ட் வாரத்தில் நான் வீடு திரும்பப் பதினொரு மணி ஆகும். "அப்பா முகத்தைப் பார்க்காமல் தூங்க மாட்டேன்" என்று பையன் விழித்திருப்பான். நானும் ஆசையில் விட்டுவிட்டேன். மறுநாள் வகுப்பில் தூங்குகிறான் என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். "இரவு எட்டரைக்குக் குடும்பத்தோடு அமர்ந்து கதை சொல்லுங்கள்" என்று எழுதுகிறவர்களிடம், எட்டரைக்கு நான் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறேன் என்பதை எப்படிச் சொல்வது?

மொரப்பூர் இரவுவண்டி

தம்பி, உங்கள் கேள்விதான் என் முதல் இதழ். தூக்கத்தைப் பற்றி மட்டும் இப்போதே ஒரு வார்த்தை. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. காலை ஆறரைக்கு எழ வேண்டிய குழந்தை இரவு ஒன்பதரைக்கு உறங்கினாலே கடைசி எல்லையைத்தான் தொடுகிறது. ஆகவே இரவுச் சந்திப்பைக் காலைக்கு மாற்றிப் பாருங்கள். பி-ஷிப்ட் வாரத்தில் காலை முழுவதும் நீங்கள் வீட்டில்தானே இருக்கிறீர்கள்? எழுப்புவது, குளிப்பாட்டுவது, பள்ளியில் விடுவது மூன்றும் அந்த வாரம் உங்களுடையவை என்று அவனிடமே சொல்லிவிட்டால், இரவில் விழித்திருக்க அவனுக்குக் காரணம் குறையும்.

ஓசூர் சி-ஷிப்ட்

நியாயம்தான் அக்கா. உண்மையைச் சொன்னால், பி-ஷிப்ட் காலைகளில் நான் ஒன்பது மணி வரை படுத்திருந்தேன், என் மாமியார்தான் எல்லாம் பார்த்தார். மாற்றிப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் ஓரளவு வேலை செய்த ஒன்றையும் சொல்கிறேன். மாத நாட்காட்டித் தாளைக் கதவின் பின்புறம், பையனின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டியிருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறன்று அவனே மெழுகு வண்ணக்குச்சியால் கட்டங்களை நிரப்புவான். ஏ-ஷிப்ட் மஞ்சள், பி பச்சை, சி நீலம். சி-ஷிப்ட் முடிந்து நான் பகலில் தூங்கும்போது முன்பெல்லாம் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பான். இப்போது தங்கையிடம், "இன்னைக்கு அப்பா நீலம், சத்தம் போடாதே" என்று இவனே காவல் காக்கிறான். தங்கைக்கு நிறம் இன்னும் சரியாகத் தெரியாது என்பதால் அவள் தட்டத்தான் செய்கிறாள்.

சிப்காட் மனிதவளம்

முதல் பதிவில் உள்ள கசப்பைப் படித்ததால் எழுதுகிறேன். நான் ஆள் எடுக்கும் துறையில் இருப்பவன், எங்கள் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன். பேறுகாலப் பயன் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தொடரும் விதிகளின்படி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு உண்டு. அதில் எட்டு வாரத்துக்கு மேல் பேறுக்கு முன்னால் எடுக்க இயலாது. இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இருந்தால் 12 வாரம். முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தொகை இ.எஸ்.ஐ. வழியாக வரும். ஒப்பந்தத் தொழிலாளர் பலர் தங்களுக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்து வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள். இ.எஸ்.ஐ. எண் இருந்தால் முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு முடிவெடுங்கள்.

அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி. வீட்டிலிருந்தே வேலை என்பதை எப்படிக் கேட்டு வாங்கினீர்கள்? எங்களிடம் கேட்கிற பெண்கள் பெரும்பாலும் குழந்தையைக் காரணமாகச் சொல்லித்தான் கேட்கிறார்கள், மேலாளர்களும் அதைக் கேட்டவுடனேயே மறுத்துவிடுகிறார்கள்.

மொரப்பூர் இரவுவண்டி

நான் குழந்தையைப் பற்றி வாயே திறக்கவில்லை. எந்தத் தேதியில் எத்தனை பக்கம் முடிந்திருக்கும், எந்தத் தேதியில் வடிவமைப்பாளர் கைக்குப் போகும், பிழை நேர்ந்தால் யார் பொறுப்பு என்று ஒரே தாளில் எழுதிக்கொடுத்து, பொறுப்பைத் தருவதற்கு முன் மூன்று மாதம் என் வேலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். இரண்டாம் மாதம் ஒரு நாள் தவறினேன். அதையும் நானே முன்கூட்டித் தெரிவித்தேன். சம்பளம் நான் கேட்டதைவிடக் குறைவுதான், அதை மறைக்க விரும்பவில்லை. மாலை ஐந்து முதல் எட்டு வரை கைபேசியை எடுக்க மாட்டேன் என்பதையும் அதே தாளில் எழுதியிருந்தேன். அதற்கு எதிர்ப்பு வரும் என்று நினைத்தேன், ஒருவரும் பொருட்படுத்தவேயில்லை.

பென்னாகரம் பழைய வாத்தியார்

அம்மா, வாழ்த்துகள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்பகுதிப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். குறை கேட்டீர்கள், என்னிடம் ஒன்று இருக்கிறது, அது தண்ணீர்.

வகுப்புப் புகைப்படம் எடுக்கும் நாளில் "சிரியுங்கள்" என்று படக்காரர் சொன்னதும், எங்கள் பிள்ளைகளில் சிலரின் கை தானாக வாய்க்குப் போகும். முன்பற்களில் காவியும் பழுப்புமாகக் கோடு. பல் துலக்காததால் வந்த கறை என்று வெளியூரிலிருந்து வந்த ஓர் அதிகாரி ஒரு சிறுமியை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டதை நான் மறக்கவில்லை. அது அழுக்கே அல்ல. நிலத்தடி நீரில் உள்ள ஃபுளூரைடு, பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்திலேயே எனாமலைக் கெடுத்துவிட்டதன் அடையாளம். எட்டு வயதுக்குள் குடித்த தண்ணீர்தான் நிரந்தரப் பல்லில் தெரியும். எவ்வளவு துலக்கினாலும் போகாது.

பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன? "குழந்தைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள்." கிருமிக்கு அது சரி. ஆனால் கொதிக்க வைத்தால் ஃபுளூரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டும்போது மிச்சத்தில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வரையறை. ஜப்பானிய நிதியுதவியோடு கட்டப்பட்டு 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஆனாலும் வேலை அவசரத்தில், ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயில் வரிசை நிற்க நேரமில்லாமல், வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே சமைத்து, அதிலேயே குழந்தைக்குக் கஞ்சியும் காய்ச்சும் வீடுகளை நான் அறிவேன். நேரமில்லாத குடும்பத்துக்கு ஒரே ஒரு யோசனைதான் சொல்ல முடியும் என்றால், குழந்தை குடிக்கவும் குழந்தைக்குச் சமைக்கவும் மட்டுமாவது ஒகேனக்கல் தண்ணீரைத் தனிக் குடத்தில் பிடித்து வையுங்கள் என்பேன். துணி துவைக்கவும் குளிக்கவும் எந்தத் தண்ணீரானாலும் பரவாயில்லை.

மொரப்பூர் இரவுவண்டி

ஐயா, இதைப் படித்ததும் பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தேன். "கொதிக்க வைத்து ஆறிய நீர்" என்ற சொற்றொடர் நான் திருத்திய கட்டுரைகளிலேயே பல இடங்களில் இருக்கிறது. தருமபுரியில் பிறந்த நானே அதில் ஒரு அடிக்குறிப்புச் சேர்க்கவில்லை. சென்னை மேசையில் உட்கார்ந்து சென்னைத் தண்ணீரை நினைத்துத் திருத்தியிருக்கிறேன்.

அரூர் கிராம செவிலியர்

வாத்தியார் ஐயா சொன்னதைப் போலவே இன்னொன்று. பால் புகட்டும் தாய் வேலைக்குப் போகும்போது, பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை "அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வைக்கலாம்" என்று எல்லா இடத்திலும் அச்சாகிறது. அந்த அறை வெப்பம் 25 பாகை செல்சியஸ் வரைக்கும்தான். சித்திரை மாதம் அரூரில் ஓடு போட்ட வீட்டுக்குள் பகல் இரண்டு மணிக்கு 25 பாகையா இருக்கும்? குளிர்பெட்டி இருந்தால் உள்தட்டில், கதவுப் பக்கம் அல்லாமல், நான்கு நாள் வரை வைக்கலாம். இல்லையென்றால், நான் தாய்மார்களிடம் பீய்ச்சிய பாலைக் காத்திருக்க விடாமல் உடனே புகட்டிவிடச் சொல்கிறேன். கடிகாரத்தைப் பார்த்து நான்கு மணி நேரம் எண்ணுவது வெயில் காலத்தில் ஆபத்து.

இன்னொரு விண்ணப்பம், தயவுசெய்து பெரியவர்கள் கோபிக்க வேண்டாம். பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. ஒரு வயது முடியும் வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கிவிடலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். அதன் பிறகு கேழ்வரகுக் கஞ்சி, அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவு எல்லாம் தொடங்கலாம்.

காவேரிப்பட்டினம் பாட்டி

கோபிக்க வேண்டாம் என்றாலே யாருக்குச் சொல்கிறீர்கள் என்று தெரிந்துவிடுகிறது. என் நான்கு பிள்ளைகளுக்கும் சேனை வைத்தோம், நால்வரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். சரி, செவிலியர் அம்மா சொன்னால் கேட்கிறேன். பேத்திக்கு வைக்கவில்லை, சர்ச்சையை இதோடு விடுங்கள்.

எனக்கு வேறொரு குறை உண்டு. ஆசிரியர் அம்மா, உங்கள் பத்திரிகைகளில் எல்லாக் குறிப்பும் "பெற்றோர்களே" என்று தொடங்குகிறது. காலை ஏழு முதல் மாலை ஏழு வரை பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது நான். என் மகனும் மருமகளும் கிருஷ்ணகிரியில் வேலை பார்க்கிறார்கள். எனக்கு வயது அறுபத்தாறு, முழங்கால் வலி. மூன்று வயதுப் பிள்ளை தெருவில் ஓடினால் என்னால் துரத்த முடியாது. அதனால் கைபேசியைக் கொடுத்து உட்கார வைக்கிறேன். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டதாக மருமகள் காட்டுகிறாள். நல்லது. மிச்சம் பதினொரு மணி நேரத்துக்கு என்ன செய்வது என்பதையும் அந்த நிறுவனம் சொல்லியிருந்தால் காட்டச் சொன்னேன், பதில் இல்லை.

பெரியவளுக்கு ஏழு வயது, அவளோடு பல்லாங்குழி ஆடுவேன். சின்னவனுக்கும் ஒரு கிண்ணம் புளியங்கொட்டை கொடுத்து எண்ணச் சொன்னால் அரை மணி நேரம் போகிறது.

அரூர் கிராம செவிலியர்

அம்மா, கேலியாக நினைக்காதீர்கள். சின்னவனுக்குப் புளியங்கொட்டை வேண்டாம். மூன்று வயதில் வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள், மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். அதற்குப் பதிலாகக் கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார வைத்து அவனிடமும் ஒரு கட்டைக் கொடுங்கள். பாதி வீணாகும், ஆனால் நேரம் போகும். நீங்கள் துரத்த வேண்டியதும் இல்லை.

காவேரிப்பட்டினம் பாட்டி

பாதி வீணாகட்டும். கீரைக் கடைசலில் கொஞ்சம் காம்பு இருந்தால் களிக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

பாலக்கோடு பட்டுக்கூடு

நான் இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நேரமில்லாத குடும்பம் என்றதும் எல்லோரும் சம்பள வேலைக்குப் போகிறவர்களையே சொல்கிறீர்கள். நாங்கள் வீட்டிலேயே இருக்கிறோம், எங்களுக்கும் நேரமில்லை.

பட்டுப்புழுவை இளம்புழுவாக வாங்கிவந்து வளர்க்கிறோம். நான்காவது தோலுரிப்பு முடிந்து ஐந்தாம் பருவத்துக்கு வந்துவிட்டால் ஏழெட்டு நாள் வீட்டில் யாருக்கும் உறக்கமில்லை. ஒரு புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பகுதியை அந்தக் கடைசி வாரத்தில்தான் தின்கிறது. புழு வளர்க்கும் மனைக்குள் நின்றால் மழை பெய்வது போல் சத்தம் கேட்கும். மல்பெரித் தழை வெட்ட வேண்டும், சுமக்க வேண்டும், போட வேண்டும், கழிவு எடுக்க வேண்டும். பத்து நிமிடம் தாமதித்தால் பரவாயில்லை என்று நினைத்து ஒரு வேளைத் தழையை விட்டால், தருமபுரி பட்டுக்கூடு அங்காடி ஏலத்தில் கூட்டின் எடையில் அது தெரியும்.

அந்த எட்டு நாளில் என் மகளுக்கு நான் தலை வாரியதில்லை. ஐந்து வயது அவளுக்கு. கடந்த முறை பள்ளிக்குக் கலைந்த தலையோடு போனவளை, "உன் அம்மா ஊரில் இல்லையா?" என்று அங்கே யாரோ கேட்டிருக்கிறார்கள். "அம்மா புழுகிட்ட இருக்காங்க" என்று சொன்னாளாம். வந்து சொன்னபோது நான் தழைக்கட்டைக் கீழே வைக்கவில்லை, வைக்க நேரமில்லை. இரவு அவள் தூங்கிய பிறகு அழுதேன்.

தினமும் அரை மணி நேரம் குழந்தையோடு செலவிடுங்கள் என்று எழுதுகிறீர்கள். எனக்கு ஆண்டில் பல நாட்கள் நான்கு மணி நேரம்கூட இருக்கிறது, ஆனால் அந்த எட்டு நாட்களில் மட்டும் கால் மணி நேரமும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு என்ன எழுதுவீர்கள்?

பென்னாகரம் பழைய வாத்தியார்

புளி தட்டும் மாதங்களிலும், மாங்காய் இறங்கும் மாதங்களிலும் வகுப்பில் இதே கதைதான். எந்தப் பிள்ளை எந்த வாரம் கலைந்த தலையோடு வரும் என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஊருக்குப் புதியவராக இருக்க வேண்டும்.

ஓசூர் சி-ஷிப்ட்

அக்கா, நீங்களும் ஒரு நாட்காட்டி ஒட்டிப் பாருங்கள். புழு வரும் தேதி உங்களுக்கு முன்பே தெரியும் அல்லவா? அந்த எட்டுக் கட்டத்துக்கும் உங்கள் மகளே ஒரு நிறம் அடிக்கட்டும். எட்டாம் நாள் முடிந்ததும் என்ன செய்வீர்கள் என்பதை அடுத்த கட்டத்தில் படமாக வரையச் சொல்லுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது நான் கண்டது.

மொரப்பூர் இரவுவண்டி

பாலக்கோடு சகோதரிக்கு நான் இரண்டு முறை பதில் எழுதி அழித்தேன். "தினமும்" என்ற சொல்லை நாங்கள் எவ்வளவு எளிதாக அச்சில் ஏற்றுகிறோம் என்று உங்கள் பதிவுதான் காட்டியது. இனி என் பக்கத்தில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் நிறுத்திப் பார்ப்பேன். ஓசூர் தம்பி சொன்ன நாட்காட்டியைத் தவிர இப்போதைக்கு என்னிடம் வேறு இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த எட்டு நாளும் தலை வாரும் பொறுப்பைப் பக்கத்து வீட்டிலோ உறவிலோ ஒருவரிடம் பெயர் சொல்லி முன்பே ஒப்படைத்துவிடுங்கள். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்ப்பதில்லை. மருந்து தெளித்து, சுண்ணாம்பும் பிளீச்சிங் பொடியும் தூவிய மனைக்குள் அவளை வரவிடாமல் இருப்பதற்கும் அந்த ஒருவர் உதவுவார்.

முதல் இதழுக்கு நான் முடிவு செய்தவை: ஷிப்ட் நாட்காட்டியைக் கிழித்து ஒட்டும் தாளாக நடுப்பக்கத்தில் வெறுங்கட்டமாகவே அச்சிடப் போகிறேன். ஃபுளூரைடு பற்றி இரண்டு பக்கம், ஐயா அனுமதித்தால் அந்தப் புகைப்படச் செய்தியோடு. தாய்ப்பால் குறிப்பில் வெப்ப அளவு இல்லாமல் இனி ஒரு வரியும் வராது. "பெற்றோர்களே" என்ற விளிக்குப் பதில் பாட்டி அம்மாவுக்கென்று தனிப் பக்கம், பெரிய எழுத்தில். சிற்றுண்டிக் கட்டுரை இல்லை. விளம்பரப் பிரிவு வருத்தப்படும், படட்டும்.

சகோதரி, அடுத்த முறை புழு எடுக்கும்போது சொல்வீர்களா? ஐந்தாம் பருவத்தின் ஆறாம் நாள் உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்து எழுத விரும்புகிறேன்.

பாலக்கோடு பட்டுக்கூடு

ஆறாம் நாள் பேட்டிக்கு வராதீர்கள் அக்கா, வாய் பேச நேரமிருக்காது. கூடு பிரித்து ஏலத்துக்குப் போய் வந்த பிறகு வாருங்கள், சாவகாசமாகப் பேசலாம். ஆறாம் நாளே வந்துதான் ஆக வேண்டும் என்றால் நோட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டு வந்து, என் மகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மொரப்பூர் இரவுவண்டி

சீப்பு நான் கொண்டுவரவா, வீட்டிலேயே இருக்கிறதா?